காதும் தெரியணும்... கனவும் தெரியணும்! - ப்ளஸ் டூ நினைவுப் படங்களுக்கு ஒரு தொட்டியம் டச்

பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும். தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மரத்தடிக்கு பெஞ்சுகள் இழுத்துவரப்படும். ஆசிரியர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. நடுநாயகமாகத் தலைமையாசிரியர். குட்டையான பிள்ளைகளுக்குத் தரை, நெட்டையான பிள்ளைகளுக்கு பெஞ்ச். "சட்டையை உள்ளே விடுறா", "ஏய், கண்ணை மூடாதே", "கடைசி வரிசை... கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று நாலா பக்கமும் குரல்கள். ஒரு க்ளிக். அவ்வளவுதான், 12 வருடப் பள்ளி வாழ்க்கை ஒரு சட்டத்துக்குள் அடங்கிவிடும்.

படத்துக்குக் கீழே பெயர்கள். 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக...', 'நிற்பவர்கள், முதல் வரிசை...'. இருபது வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது, கடுகளவு முகத்தைக் கண்டுபிடிக்க இந்தப் பெயர் வரிசைதான் துணை.

அதே மாதங்களில் அதே பிள்ளைக்கு இன்னொரு படமும் தேவைப்படும். அது நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்கு. 'நீட்' தேர்வு விதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தில் 80 சதவிகிதம் முகமாக இருக்க வேண்டும். இரண்டு காதுகளும் தெரிய வேண்டும். பாஸ்போர்ட் அளவிலும், 4-க்கு 6 அங்குல போஸ்ட்கார்டு அளவிலும் படம் கேட்பார்கள்.

ஆக, 17 வயதில் ஒரு பிள்ளைக்கு இரண்டு படங்கள். ஒன்றில் கூட்டத்தில் ஒரு தலை. மற்றொன்றில் காது. அந்தப் பிள்ளை சிலம்பம் சுற்றுமா, செஸ் ஆடுமா, ஆட்டுக்குட்டி வளர்க்குமா, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓவியம் வரையுமா... இந்த இரண்டு படங்களும் சொல்லாது.

அதைச் சொல்வதற்குத்தான் மூன்றாவதாக ஒரு படம்.

ஆற்றங்கரை ஊரின் அடையாளங்கள்

திருச்சி மாவட்டத்தில், காவிரியின் வடகரையில் இருக்கிறது தொட்டியம். முசிறியைத் தாண்டி நாமக்கல் சாலையில் போனால், சாலையின் இருபுறமும் வாழையும் தென்னையும் கூடவே வரும். அகத்தி மரங்களில் கொடி படரும் வெற்றிலைக் கொடிக்கால்களும் இந்தப் பகுதியின் முகவரிதான். பங்குனித் திருவிழாவில் மதுரகாளியம்மன் தேரை வடம்பிடித்து இழுக்காமல், பக்தர்கள் தோளில் சுமந்துவரும் ஊர் இது.

இப்படிப்பட்ட ஊரில் வளரும் ஒரு ப்ளஸ் டூ பிள்ளையின் நினைவுப் படம் எங்கே எடுக்கப்பட வேண்டும்? பெருநகர ஸ்டூடியோவின் செயற்கைப் பூ வளைவுக்கு முன்பா, அல்லது விடிகாலையில் அப்பாவோடு வெற்றிலை கிள்ளப் போகும் கொடிக்காலிலா?

கல்யாணத்துக்கு முன் ஒரு போட்டோஷூட், வளைகாப்புக்கு ஒன்று, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஒன்று என்று நம் வீடுகளில் கேமரா இப்போது சர்வ சாதாரணம். பள்ளிகளின் பிரிவு உபசார விழாக்களிலும் சேலை, வேட்டி-சட்டை எனப் பிள்ளைகள் கலர்ஃபுல்லாகத்தான் வருகிறார்கள். ஆனால், அங்கேயும் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே போஸ்தான். கைகளைக் கட்டிக்கொள்வது, கூலிங் கிளாஸை இறக்கிப் பார்ப்பது, ஸ்லோமோஷனில் நடந்து வருவது. சினிமாவில் பார்த்தது படத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைதான் இருப்பதில்லை.

அமெரிக்கப் பழக்கம்தானா இது?

'இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்' என்று சில பெற்றோர் முகம் சுளிக்கக்கூடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளியின் கடைசி வருட மாணவர்களை 'சீனியர்' என்பார்கள். அவர்களைத் தனித்தனியாகப் படமெடுத்து, பள்ளியின் ஆண்டு மலரில் வெளியிடுவது அங்கே நீண்டகால வழக்கம். ஜார்ஜ் கெண்டால் வாரன் என்ற பாஸ்டன் வட்டாரப் புகைப்படக் கலைஞர், 1860-களில் கல்லூரி மாணவர்களின் தனிப்படங்களை எடுத்து ஆல்பங்களாகக் கட்டித் தந்ததில் இந்த மரபின் வேர் இருக்கிறது.

காலப்போக்கில் கோட்டும் டையுமாக இருந்த படம் மாறியது. கிடார் வாசிப்பவர் கிடாரோடு, கால்பந்து ஆடுபவர் பந்தோடு, நாய் வளர்ப்பவர் நாயோடு என்று ஒவ்வொருவரும் தன் விருப்பத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தார்கள். பள்ளி மலருக்கு ஒரு சம்பிரதாயப் படம், வீட்டுக்கு ஒரு சொந்தப் படம் என இரண்டும் எடுத்துக்கொள்பவர்கள் அங்கே ஏராளம்.

மீதிப் பாதி உண்மை என்ன தெரியுமா? இது நம் தாத்தா-பாட்டி காலத்திலேயே நம்மூர் ஸ்டூடியோக்களில் நடந்ததுதான்.

ரேடியோவோடு நின்ற தாத்தா, கண்ணாடிமுன் பாட்டி

திருச்சிக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-லேயே திருச்சி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்துவிட்டார். அவருக்கு முக்கியம் கோட்டையும் கோபுரமும். சாதாரண மனிதர்களின் முகங்களைப் பதிவுசெய்தவை, பிற்பாடு ஊருக்கு ஊர் முளைத்த ஸ்டூடியோக்கள்.

அந்த ஸ்டூடியோக்களுக்குள் ஒரு தனி உலகமே இருந்தது. துணியில் வரைந்த அரண்மனைப் படிக்கட்டு, மாடம், பூந்தோட்டம். மர ஸ்டாண்டில் பூச்சாடி. கனெக்‌ஷன் இல்லாத டெலிபோன். பாடாத ரேடியோ. படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோர் கையிலும் ஒரு புத்தகம். 'நான் யார்' என்பதைவிட 'நான் யாராக விரும்புகிறேன்' என்பதை அந்தப் பொருட்கள் சொல்லின. டெலிபோனைத் தொட்டே பார்த்திராத ஒருவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதற்குப் பின்னால் ஓர் ஆசை இருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு ஜடைப் படம். மல்லிகை தைத்த ஜடை பின்னால் இருக்கும், கேமராவோ முன்னால் இருக்கும். என்ன செய்வது? பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்துவார்கள். முகம் நேராகத் தெரியும், ஜடை கண்ணாடியில் தெரியும். ஒரே படத்தில் இரண்டு பக்கமும்! தமிழ் வீடுகளில் இந்தப் படம் இல்லாத பழைய ஆல்பத்தைப் பார்ப்பது அபூர்வம்.

இந்தப் படங்களின் அருமை உணர்ந்து அவற்றைச் சேகரிக்கும் வேலையும் நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மானுடவியலாளர் ஸோயி ஹெட்லி தலைமையில், பழைய தமிழ் ஸ்டூடியோ படங்கள் ஆயிரக்கணக்கில் தேடியெடுக்கப்பட்டு டிஜிட்டலாக மாற்றப்பட்டன. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் இதற்குக் கைகொடுத்தது. பரணில் கரையான் தின்னவிருந்த குடும்பப் படங்கள், இன்று வரலாற்று ஆவணங்கள்.

ஆக, பிள்ளையின் விருப்பத்தைப் படத்துக்குள் கொண்டுவருவது இறக்குமதிச் சரக்கு இல்லை. நடுவில் நாம் மறந்துபோன வழக்கம்.

பொருள் ஒன்று போதும்!

சரி, இந்த மூன்றாவது படத்தை எப்படி எடுப்பது? முதல் விதி, பிள்ளையிடம் கேட்பது. 'உனக்கு எது பிடிக்கும்?' என்று கேட்டால் பல பிள்ளைகள் தோளைக் குலுக்குவார்கள். 'லீவு நாள்ல யாரும் எதுவும் சொல்லலைன்னா நீ என்ன செய்வே?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்துவிடும்.

அந்தப் பதிலிலிருந்து ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் போதும். தேய்ந்துபோன வாலிபால், அண்ணன் கொடுத்த கேரம் ஸ்ட்ரைக்கர், சலங்கை, சிலம்பக் கம்பு, தையல் மெஷின், நூலக அட்டை, பேப்பர் அடைசலாகிக் கிழிந்துபோன ஓவிய நோட்டு. புதிதாக வாங்கிய பொருளைவிட, பிள்ளையின் கைபட்டுத் தேய்ந்த பொருளுக்குத்தான் படத்தில் உயிர் அதிகம். நாலைந்து பொருட்களை அடுக்கினால் கடை பரப்பியது போலாகிவிடும்.

அடுத்து, இடம். பிள்ளை வழக்கமாக இருக்கும் இடமே சிறந்த இடம். மாடு கட்டும் கொட்டகை, மொட்டைமாடி, பஸ் ஸ்டாப், வாழைத்தோப்பு எதுவானாலும் சரி. 'வீடு சின்னதா இருக்கே' என்று கூச்சப்படத் தேவையில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட இடமிருந்தால் போதும். பக்கவாட்டிலிருந்து விழும் ஜன்னல் வெளிச்சத்தைப் போல முகத்துக்கு அழகு சேர்ப்பது வேறில்லை.

வெளியில் எடுப்பதென்றால் காலை 7 மணியையொட்டியும், மாலை 5 மணிக்கு மேலும் வெயில் சாய்வாக, மஞ்சளாக விழும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுந்து, பிள்ளை களைத்ததுபோலத் தெரியும்.

கொஞ்சம் வரலாற்றுப் பின்னணி வேண்டும் என்பவர்களுக்கு, முசிறி - தொட்டியம் சாலையில் சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயில் இருக்கிறது. முற்காலச் சோழர்களின் கலை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் சுவரில் நிற்கும் கல் உருவங்களைப் பார்த்தால், நேற்றுதான் யாரோ வந்து நின்று போஸ் கொடுத்ததுபோல அத்தனை உயிர்ப்பு. ஆனால், தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் ட்ரைபாடு, விளக்குகள் எல்லாம் வைத்துப் படமெடுக்க முன் அனுமதி தேவை. சிற்பங்களின் மேல் சாய்வதும் ஏறுவதும் கூடவே கூடாது.

இந்த மூன்றும் வேண்டாம்!

விருப்பம் என்ற பெயரில் படத்துக்குள் வரக்கூடாதவையும் உண்டு.

ஒன்று, பைக். ப்ளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வயது 17. கியர் பைக் ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டவர் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும், 3 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. ஒரு ரீல்ஸுக்காக அப்பாவை ஸ்டேஷன் வாசலில் நிறுத்த வேண்டுமா?

இரண்டு, ஆறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் காவிரியில் நீர் குறைந்து மணல் திட்டுகள் தெரியும். பார்க்க அழகுதான். ஆனால், நீர் குறைந்த ஆற்றிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் ஆழமாக இருக்கும். மேலே முழங்கால் அளவு தண்ணீர்போலத் தெரியும், அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழம் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் சிக்கிக்கொள்வார்கள். ஆற்றைப் பின்னணியாக வைத்துக் கரையில் நின்று எடுங்கள். தண்ணீருக்குள் இறங்கிப் படம் வேண்டாம். பெரியவர்கள் யாராவது கூட இருப்பது கட்டாயம்.

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாதது. சாதி அடையாளம். கையில் கட்டும் வண்ணக் கயிறு, பனியனில் அச்சிட்ட தலைவர் படம், பின்னணியில் கொடி. 'அதுவும் என் அடையாளம்தானே' என்று பிள்ளை கேட்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமை தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக் குறிகள் அணிந்து வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

பிறப்பால் வந்து ஒட்டிக்கொண்டது வேறு, பிள்ளை தானே தேடிப் பிடித்த விருப்பம் வேறு. வாலிபாலை யாரும் பிறப்பால் பெறுவதில்லை. நினைவுப் படத்தில் இருக்க வேண்டியது இந்த இரண்டாவதுதான். அந்தப் படத்தைப் பார்த்து பக்கத்து பெஞ்ச் நண்பன் சந்தோஷப்பட வேண்டும், ஒதுங்கக் கூடாது.

காசில்லாத பிள்ளைக்கு என்ன வழி?

குரூப் போட்டோ கொடுக்கும் நாளில் வகுப்பில் ஒரு சங்கடம் நடக்கும். பணம் கட்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கட்டாத பிள்ளை, 'எனக்கு வேணாம் மிஸ்' என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். வேண்டாம் என்பதற்கும், வீட்டில் காசில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஆசிரியருக்குத் தெரியும். தனிப்படக் கலாசாரம் பணம் கொழிக்கும் போட்டோஷூட்டாக வளர்ந்தால், அந்தப் பிள்ளை இன்னும் ஒரு படி தள்ளிப்போகும்.

அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. வகுப்பில் நன்றாகப் படமெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் நிச்சயம் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை காலை, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், பள்ளி மரத்தடியிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு படம். ஒரே மரம், ஒரே வெளிச்சம், ஒரே சீருடை. கையில் இருக்கும் பொருள் மட்டும் அவரவருடையது. யார் வீடு பெரியது, யார் சட்டை விலை அதிகம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பிரின்ட் போடும் செலவும் பயப்படும்படி இல்லை. 4-க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர 1,200-க்கு 1,800 பிக்ஸல் போதும். இன்றைய சாதாரண ஸ்மார்ட்போன் கேமரா இதைவிடப் பல மடங்கு தரும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. வாட்ஸ்அப்பில் படத்தை அப்படியே அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் ஒரிஜினல் தரத்திலேயே ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேரும்.

வகுப்புப் படத்துக்கும் ஒரு சின்ன யோசனை. படத்துக்குக் கீழே பெயர்கள் அச்சிடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல் சேர்க்கலாம். 'கபடி', 'கணக்கு', 'கானா', 'கோலம்' என்று. இதற்குக் கூடுதல் செலவே கிடையாது. இருபது வருடம் கழித்து அந்தக் கடுகளவு முகத்தை ஞாபகப்படுத்த, பெயரைவிட அந்த ஒரு சொல் உதவும்.

பெண்பிள்ளைகளின் படம்... பயமும் பாதுகாப்பும்

'போட்டோவெல்லாம் வேணாம்டி, யாராவது எதாவது பண்ணிடுவாங்க' - பெண்பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் ஒலிக்கும் குரல் இது. முகத்தை வேறு உடலோடு ஒட்டவைக்கும் செயலிகள் பெருகிவிட்ட காலத்தில், அம்மாக்களின் இந்தப் பயத்தை அநாவசியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பயத்தின் விலையாக ஒரு பெண்ணின் 17 வயது முகமே வீட்டில் இல்லாமல் போவதும் நியாயமில்லை.

சில ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம். தனிப்படத்தை அச்சிட்டு ஆல்பத்தில் வையுங்கள், இணையத்தில் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. எடுத்த போனிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு, அதில் அழித்துவிடச் சொல்லுங்கள். ஸ்டூடியோவில் எடுத்தால், 'எங்க அனுமதி இல்லாம இதை உங்க பேஜ்ல போடக் கூடாது' என்று முன்பே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் தனிப்பட்ட தரவுகளை டிஜிட்டலில் கையாள பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பள்ளியின் பெயர், வீட்டு வாசல், வண்டி எண் போன்றவை பின்னணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீறி ஏதாவது தவறு நடந்தால், அந்தப் பிள்ளையைத் திட்டாமல், முதலில் பக்கத்தில் நில்லுங்கள். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண்களை அழைக்கலாம். குற்றம் படத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்மீதுதானே தவிர, படம் எடுத்துக்கொண்ட பெண்மீது இல்லை.

படத்தின் பின்பக்கம்

2018-ல் வெளியான '96' படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தஞ்சாவூர் பள்ளியின் 1996-ம் வருட மாணவர்கள் 22 வருடம் கழித்துச் சந்திக்கும் கதை. அதில் நாயகன் ராம் ஒரு புகைப்படக் கலைஞர். பழைய வகுப்புத் தோழர்கள் ஒன்றுகூடும் வாட்ஸ்அப் குழுக்கள் ஊருக்கு ஊர் பெருகியிருக்கும் இன்று, அங்கே முதலில் பகிரப்படுவது ஓரம் மங்கிப்போன குரூப் போட்டோதான். 'அந்த ரெண்டாவது வரிசை, மூணாவது ஆள் யாருடா?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ அறிமுகமானது 1978-ல். அன்று அந்த பெஞ்சுகளில் ஏறி நின்றவர்கள் இன்று தாத்தா-பாட்டிகள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே படம்தான். அவர்களுக்கு எது பிடித்திருந்தது, கையில் என்ன வைத்துக்கொண்டு அலைந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாய்திறந்து சொன்னால்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

மார்ச்சில் தேர்வு. அதற்குப் பிறகு கல்லூரி, விடுதி, வேலை என்று பிள்ளைகள் திசைக்கொருவராகப் போய்விடுவார்கள். தொட்டியத்திலிருந்து திருச்சிக்கும், கோவைக்கும், சென்னைக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு காலை வேளையை ஒதுக்குங்கள். பிரின்ட் வந்ததும் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள். தேதி, எடுத்த இடம், பிள்ளையின் கையில் இருக்கும் பொருளின் கதை.

காது தெரியும் படம் தேர்வு அறைக்குப் போகட்டும். இந்தப் படம் வீட்டில் இருக்கட்டும்.